கண்ணாடிப் பெட்டிக்குச் செடி: குன்னூர் நர்சரி ஒன்றைப் பற்றிய மதிப்பீடு

குன்னூரிலிருந்து கோத்தகிரி செல்லும் சாலையோரம் உள்ள இந்தச் சிறிய நர்சரி, கெக்கோ என்னும் பல்லி வகையைச் செல்லப்பிராணியாக வளர்ப்பவர்களுக்காக நடத்தப்படுவதன்று; ரோஜாவும் ஃபியூஷியாவும் வாங்கிச் செல்லும் சுற்றுலாப் பயணிகளை நம்பியே அது நடக்கிறது. ஆயினும், ஊர்வன வளர்க்கும் பெட்டிக்கு உயிர்ச்செடி தேடுவோருக்கு நீலகிரியில் இந்தக் கடையையே முதலில் சொல்வேன். எந்தச் செடிக்கு எப்போது மருந்து அடித்தார்கள் என்று கேட்டால் இங்கே நேரான பதில் கிடைக்கிறது.

இமிடாகுளோபிரிட் போன்ற ஊடுருவும் பூச்சிக்கொல்லிகள் செடியின் சாற்றிலேயே கலந்துவிடுவதால், இலையைக் கழுவினாலும் அவை போகா. நியூ கலிடோனியாவைத் தாயகமாகக் கொண்ட கிரெஸ்டட் கெக்கோ இலையைத் தின்பதில்லை என்பது உண்மைதான். ஆனால் அதற்கு இரையாக விடப்படும் கிரிக்கெட் பூச்சி இலையைக் கடிக்கும், அந்தப் பூச்சியைக் கெக்கோ விழுங்கும். பறவைக்கூட்டுப் பெரணி ஒன்றை நான் கையில் எடுத்தபோது, கடைக்காரர் என்ன வளர்க்கிறேன் என்று விசாரித்துவிட்டு, "அது போன வாரம் மருந்து அடிச்சது சார், பல்லிக்கு வேண்டாம். உள்ளே நிழல்வலைக்குக் கீழே இருக்கிறதைப் பாருங்க" என்று தடுத்தார். அப்படி எடுத்த செடியையும் சில வாரங்கள் தனியே வைத்திருந்து பிறகு பெட்டிக்குள் வைப்பதே முறை.

வாங்கத்தக்கவை பெரணி, பெப்பரோமியா, புரோமெலியாட், பாம்புச்செடி ஆகியவை. வளர்ந்த கெக்கோ 40 கிராம் அளவில் எடை இருக்கும். அது தாவி இறங்கும்போது பாம்புச்செடியின் தடித்த இலை தாங்கும், பிகோனியாவின் தண்டு ஒடிந்துவிடும்.

குறைகளும் உண்டு. பெயர்ப்பலகை எதுவும் இல்லாமல், நச்சுத்தன்மை கொண்ட அசேலியாவும் ஹைட்ரேஞ்சாவும் பெரணிகளுக்கு நடுவிலேயே நிற்கின்றன. தொட்டி மண் செம்மண்ணும் மாட்டு எருவும் கலந்தது. தோட்டத்துக்கு ஏற்ற அந்தக் கலவை, காற்றோட்டம் குறைந்த பெட்டிக்குள் பூஞ்சை பிடித்துவிடும். வேரை உதறிப் பார்த்தால் மெதுவாகக் கரையும் உரத்தின் மஞ்சள் குருணைகள் கடுகுபோல் ஒட்டியிருக்கும். அவற்றை ஒன்றுவிடாமல் பொறுக்கி, வேரை அலசி, தேங்காய் நார்த்தூளும் கரித்துண்டும் கலந்த கலவையில், அடியில் சுட்ட களிமண் உருண்டைகளைப் பரப்பி நட வேண்டும்.

பெட்டியின் தரையில் பரப்புவதற்கு இங்கே சாக்கில் விற்கும் சருகை வாங்காதீர்கள். அதில் பெரும்பகுதி தேயிலைத் தோட்டத்துச் சில்வர் ஓக் இலை. தேயிலைக்கு அடிக்கும் மருந்து அதன்மீதும் படிந்திருக்கக்கூடும். மிச்சம் தைல மர இலை, அதன் நெடி மூடிய பெட்டிக்கு ஆகாது. மேட்டுப்பாளையம் பக்கம் போகும்போது மருந்து படாத இடத்தில் உதிர்ந்த நாட்டு வாதுமை இலையைப் பொறுக்கி வந்து, கொதிநீரில் போட்டெடுத்துப் பயன்படுத்தலாம். பச்சைப் பாசி எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு மட்டும் இங்கே தெளிவான பதில் இல்லை; காப்புக்காட்டுச் சோலையிலிருந்து பாசி எடுப்பது சட்டப்படி குற்றம் என்பதால் நான் அதைத் தொடவில்லை.

பெட்டிக்குத் தினமும் இருவேளை நீர் தெளிக்கச் சொல்கிறார் கடைக்காரர். சமவெளிக்கு அது சரி. வடகிழக்குப் பருவமழையில் குன்னூர்க் காற்றே நனைந்திருக்கும்போது அப்படித் தெளித்தால் வேர் அழுகும். அந்த மாதங்களில் காற்றோட்டமே முக்கியம். குளிர்கால இரவில் வெப்ப விளக்கு எரிப்பவர்கள், பெரணியை அதற்கு எதிர்மூலையில் வைக்கவேண்டும்.

சிறு தொட்டி 80 ரூபாய். அந்தத் தரத்துக்கு அதிகமில்லை. மாவட்டத்தில் நெகிழிப் பைக்குத் தடை இருப்பதால் செய்தித்தாளில் சுற்றித் தருகிறார்கள். துணிப்பையோ அட்டைப்பெட்டியோ கொண்டுபோவது நல்லது. வெளிமாவட்ட வாகனத்தில் வருவோர் இ-பாஸ் எடுத்துக்கொண்டு, கோடை சீசன் கூட்டத்தைத் தவிர்த்து வந்தால், கடைக்காரரிடம் நின்று பேச நேரம் கிடைக்கும்.