மண் பரிசோதனைச் சேவை: காக்க வைத்தார்கள், ஆனாலும் பணம் வீண் போகவில்லை

டர்பனில் ஒரு பல்கலைக்கழக வளாகத்தின் தோட்டக் குழுவில் இருக்கிறேன். எங்கள் புல்தரை சரிந்து போய் ஓடையில் முடிகிறது. வருஷா வருஷம் 2:3:2 உரம் (தழைச்சத்து என்ற நைட்ரஜன், மணிச்சத்து என்ற பாஸ்பரஸ், சாம்பல் சத்து என்ற பொட்டாசியம் மூன்றும் இந்த விகிதத்தில் கலந்தது) தூவுவோம், ஏன் என்று கேட்டால் போன வருஷமும் தூவினோம் என்பதுதான் பதில். கோடை மழை அடித்து ஓய்ந்த சில நாளில் ஓடையில் பாசி படர்வதைப் பார்க்கப் பொறுக்காமல், இந்தத் தடவை உரம் வாங்கும் முன் ஒரு தனியார் ஆய்வுக்கூடத்தில் மண்ணைக் கொடுத்தோம்.

மண் எடுப்பது சுலபம். புல்தரையில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து 20 இடத்தில் 10 சென்டிமீட்டர் ஆழம் வரை தோண்டி, பிளாஸ்டிக் வாளியில் கலந்து, அரைக் கிலோ அனுப்பினால் போதும். துத்தநாகம் பூசிய வாளி மட்டும் வேண்டாம், கணக்கு தப்பாகிவிடும்.

முடிவைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. மண்ணில் மணிச்சத்து ஏற்கெனவே தேவைக்கு மேல் கிடக்கிறது! மூட்டையில் 2:3:2 (22) என்று போட்டிருந்தால் நூற்றுக்கு 22 பங்கு சத்து, அதாவது 50 கிலோ மூட்டையில் 11 கிலோ, அதில் 4.7 கிலோ மணிச்சத்து. இத்தனை வருஷமும் அதைக் காசு கொடுத்து வாங்கி ஓடைக்கு அனுப்பிப் பாசிக்குத் தீனி போட்டிருக்கிறோம்.

சரி, ரசாயனத்தை விட்டுக் கோழி எருவுக்கு மாறலாம் என்று நினைத்திருந்தேன். அதிலும் மணிச்சத்து அதிகம், எங்கள் மண்ணுக்கு அதுவும் ஆகாது என்று அறிக்கையிலேயே எழுதியிருந்தார்கள். இந்த ஒரு வரிக்கே கொடுத்த பணம் சரியாகிவிட்டது.

குறையும் உண்டு. இரண்டு வாரம் என்றவர்கள் ஐந்து வாரம் ஆக்கினார்கள், மூன்று முறை போன் செய்த பிறகுதான் வந்தது. முதலில் அனுப்பிய தாளில் வெறும் எண்கள். பரிந்துரை வேண்டும் என்று தனியாகக் கேட்க வேண்டியிருந்தது, அதனால் விண்ணப்பத்திலேயே புல்தரை என்று எழுதிப் பரிந்துரையும் கேட்டுவிடுங்கள்.

இப்போது 2:3:2 அடியோடு நிறுத்தம். தழைச்சத்து மட்டும், அதுவும் பாதி அளவு, இரண்டாகப் பிரித்து, பெருமழை வரும் என்று தெரிந்தால் தள்ளிப்போட்டு. ஓடைக் கரையில் ஐந்து மீட்டருக்கு ஒன்றுமே தூவுவதில்லை. வெட்டிய புல்லை மூட்டை கட்டாமல் அங்கேயே விடுகிறோம், புல்லுக்கு வேண்டிய தழைச்சத்தில் கால் பங்கு வரை அதிலேயே திரும்பக் கிடைக்கும். “தம்பி, புல் வெளுத்துப் போகும், பார்” என்று எங்கள் மூத்த தோட்டக்கார அண்ணா பயந்தார். நான்கு மாதம் ஆகிறது, கிக்குயு புல் அப்படியே பச்சையாக இருக்கிறது. அடுத்து விளையாட்டுத் திடலின் மண்ணை அவரே எடுத்துத் தருகிறேன் என்கிறார், அதையும் இதே இடத்துக்குத்தான் அனுப்பப் போகிறோம்.