எஸ்ஸனில் ஒரு அல்டி, மியூல்ஹைமில் இன்னொரு அல்டி

நான் ஜேர்மனியில் எஸ்ஸனில் இருக்கிறேன், மகள் பக்கத்து ஊர் மியூல்ஹைமில். நான் சாமான் வாங்குவது அல்டி என்ற மலிவுக்கடையில், அவளும் அல்டியில்தான். ஆனால் இரண்டும் வேறு வேறு கம்பனி. பெயர்ப்பலகை வேறு, கிழமைக்குக் கிழமை வரும் விளம்பரத்தாள் வேறு, முதலாளி வேறு. இங்கே வடக்கு அல்டி, அங்கே தெற்கு அல்டி. அல்டியை வளர்த்த அண்ணன் தம்பி சொத்துப் பிரித்த எல்லை எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவால் போகிறது. ஜேர்மன்காரர் அதற்குப் பகிடியாக வைத்த பெயர் அல்டி பூமத்திய ரேகை.

கதை தொடங்கியதும் இந்த எஸ்ஸனில்தான். ஷொன்னபெக் என்ற பகுதியில், சுரங்கத் தொழிலாளர் குடியிருந்த தெருக்களுக்குள், 1913இல் ஆன்னா அல்பிரெக்ட் ஒரு சின்னப் பலசரக்குக் கடை திறந்தார். போர் முடிந்த கையோடு, 1946இல், மகன்மார் கார்லும் தேயோவும் பொறுப்பெடுத்தார்கள். ஊரே இடிந்து கிடந்த நேரம், கையில் முதல் இல்லை. அதனால் கொஞ்ச வகைச் சாமான், அலங்காரம் இல்லாத கடை. கையில் காசு வந்ததும் வகைகளைக் கூட்டலாம் என்றுதான் நினைத்திருந்தார்களாம். வகை குறையக் குறையச் செலவும் குறைகிறது என்று கண்டபிறகு அப்படியே விட்டுவிட்டார்கள். இல்லாத காலத்துப் பழக்கத்தை வசதி வந்தபிறகும் விடாமல் வைத்திருந்த குடும்பம் என்று சொல்லலாம். எங்கள் அம்மாவுக்கு இவர்களைப் பிடித்திருக்கும்.

1960 அளவில் 300 கடைகள். பிறகு சிகரெட்டால் சண்டை. விற்கவேண்டும் என்றார் தேயோ, களவு போகும் என்றார் கார்ல். 1961இல் பிரிந்தார்கள். அல்பிரெக்ட் டிஸ்கவுண்ட் என்பதைச் சுருக்கி அல்டி என்று பெயர் வைத்தது அதற்கு அடுத்த வருடம். 1971இல் தேயோவைக் கடத்தி 17 நாள் வைத்திருந்தார்கள். 70 லட்சம் மார்க் (அந்தக் காலத்து ஜேர்மன் காசு) கொடுத்து வெளியே வந்தவர், அந்தத் தொகையைத் தொழில் செலவாகக் காட்டி வரிச்சலுகை கேட்டார். கடையை நடத்தின கை அது!

சரி, கடைக்குள் வருவோம். நான் முதன்முதலில் போனது 1991இல். டொச் (ஜேர்மன்) மொழியில் பத்துச் சொல் தெரியாது. ஒரு மார்க் குற்றியைக் கையில் தந்து, "இதைப் போட்டால்தான் வண்டில் கழரும், திருப்பி வைத்தால் காசு வரும்" என்று சொல்லி அனுப்பினார் என் கணவர். உள்ளே யாரோடும் கதைக்கத் தேவையில்லை. சாமான் எல்லாம் வந்த அட்டைப்பெட்டியோடு நிற்கிறது, மூடியைக் கிழித்தால் அதுதான் தட்டு. எது வேண்டுமோ அதை எடுத்துக்கொண்டு வரலாம். மொழி தெரியாதவளுக்கு அதைவிட நல்ல கடை இருக்கவில்லை.

காசாளர்களைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். ஸ்கேனர் இங்கே 2000களின் தொடக்கத்தில்தான் வந்தது. அதுவரை கடையில் இருந்த அத்தனை சாமானும் அவர்களுக்கு மனப்பாடம். ஒரு கை பொருளைத் தள்ள, மற்றக் கை எண்களைத் தட்டும், கண் அடுத்த ஆளில் இருக்கும். இப்போது பெட்டியின் பல பக்கங்களிலும் பெரிய பட்டைக்குறி அச்சடித்திருக்கிறார்கள், எந்தப் பக்கம் திருப்பினாலும் மெஷின் பிடித்துவிடும். சாமானைப் பையில் அடுக்க அங்கே இடமில்லை. அள்ளி வண்டிலில் போட்டுக்கொண்டு, பின்னால் இருக்கும் நீளப் பலகைக்குப் போய் அடுக்கவேண்டும். அந்த வேலையும் வண்டிலைத் திருப்பி வைக்கும் வேலையும் நம்முடையவை. நாங்கள் சம்பளம் இல்லாமல் அங்கே வேலை செய்கிறோம், அதைப் பால் விலையில் கழித்துத் தருகிறார்கள். எனக்கு அதில் குறையில்லை. கை நடுங்குகிற வயதுக்காரருக்கு அந்த வேகம் கொஞ்சம் கூடத்தான்.

மலிவின் மற்றப் பாதி தட்டில் இருக்கிறது. பெரிய சூப்பர் மார்க்கெட்டில் தயிர் மட்டும் ஒரு சுவர் நீளத்துக்கு நிற்கும். இங்கே சீனி என்றால் ஒரு சீனி. வகை குறைவென்றால் ஒவ்வொன்றிலும் வாங்கும் தொகை மலைபோல, விற்கிறவன் விலையை இறக்கத்தான் வேண்டும். பெரும்பாலானவை அல்டி தனக்கென்று வைத்த பெயர்களில் வருபவை, ஆகவே விளம்பரச் செலவும் விலையில் ஏறுவதில்லை. அல்டி பட்டர் விலையை மாற்றினால் மற்றக் கடைகளும் உடனே மாற்றும். இந்தச் சூத்திரத்தோடுதான் அமெரிக்காவுக்கு 1976இலும் இங்கிலாந்துக்கு 1990இலும் அவுஸ்திரேலியாவுக்கு 2001இலும் போனார்கள். லண்டனில் அல்டி என்று என் மைத்துனி சொல்வது மகளின் தெற்குக்காரரைத்தான்.

எங்கள் சமையலுக்கு எப்படி? பால், பட்டர், சீனி, மா, வெங்காயம், உருளைக்கிழங்கு, தக்காளி டின் எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். பாண் பரவாயில்லை. அரிசி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை, மீன் ஆகியவற்றுக்குத் தமிழ்க்கடைதான். அங்கே அரை மணித்தியாலம் போகும், ஊர்ப் புதினமும் சேர்ந்து வரும்.

நடுத்தட்டுத்தான் ஆபத்து. கிழமைக்கு இரண்டு தடவை புதுச் சாமான் இறங்கும், தையல் மெஷின், மழைச் சப்பாத்து, துளைபோடும் மெஷின் என்று. முடிந்தால் முடிந்ததுதான், திரும்பி வராது என்ற பயத்தில் கை நீளும். 1990களின் கடைசியில் கம்ப்யூட்டர் வாங்க விடியற்காலையிலேயே வரிசையில் நின்றார்கள். என் கணவர் ஒருநாள் பால் வாங்கப் போய்க் கூடாரத்தோடு வந்தார். இருபது வருடத்துக்கு மேலாகிறது, ஒரு இரவும் அதற்குள் படுத்ததில்லை. நிலவறையில் கிடக்கிறது.

தன் அல்டி வெளிச்சம், என் அல்டி இருட்டு என்று மகள் சொல்லிக்கொண்டே இருப்பாள். போன மாதம் அவள் வீட்டுக்குப் போகும்போது இரண்டு பட்டர் கொண்டுபோனேன். அவள் தன்னுடைய பில்லை எடுத்து வந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். ஒரு சதமும் வித்தியாசமில்லை. "எண்டாலும் எங்கட கடைதான் அம்மா நல்லது" என்று சொல்லிக்கொண்டு இரண்டையும் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்தாள்.