மிகை ஆண்மைக் கேள்வித்தாள்: நம்மூர்ப் பட்டறைக்கு ஒத்துவருமா?

பாலியல் வன்முறை பற்றிச் சிங்கப்பூர் இளைஞர்களோடு பேசும் பட்டறையில் இதைக் கொடுக்கலாமா என்று பார்ப்போம். அமெரிக்க ஆய்வாளர்கள் மோஷரும் சர்க்கினும் 1984இல் வெளியிட்ட இந்தக் கேள்வித்தாளில் 30 ஜோடி வாக்கியங்கள். ஜோடிக்கு ஒன்றைத்தான் டிக் பண்ணலாம். பெண்களிடம் இரக்கமற்ற பாலுறவுப் பார்வை, அடிதடிதான் ஆம்பளைத்தனம் என்ற எண்ணம், ஆபத்தில் த்ரில் தேடுவது ஆகிய மூன்றையும் அளக்கிறது.

இதன் பலம் ஆய்வுப் பின்புலம். பல ஆய்வுகளைத் தொகுத்து 2002இல் வந்த அலசலில், பாலியல் வன்முறையோடு வலுவாக ஒட்டிய அளவுகோல்களில் இதுவும் ஒன்று. அதற்காக மதிப்பெண் கூடியவரைக் குற்றவாளி என்று முத்திரை குத்தக்கூடாது. அது பெரிய தவறு.

குறை மொழியில். எண்பதுகளின் அமெரிக்கக் கல்லூரிக் கொச்சையை அப்படியே தமிழாக்கினால், தேசிய சேவை முடித்த சிங்கப்பூர்ப் பையன்கள் சிரித்துவிடுவார்கள். ஒருவர் சிரித்தால் போதும், மற்றவர்கள் நண்பனுக்காக டிக் பண்ணுவார்கள். பேச்சு தொடங்கும் முன்பே கொடுங்கள். பெயர் வேண்டாம், நாற்காலிகளைத் தள்ளிப் போடுங்கள், மடித்துப் பெட்டியில் போடச் சொல்லுங்கள்.

கூடவே, வன்புணர்வு பற்றிய தவறான நம்பிக்கைகளை அளக்கும் இல்லினாய் அளவுகோலின் 22 வாக்கியங்கள் கொண்ட 2011 வடிவத்தையும் தருவது நல்லது. “கூப்பிட்டதும் வந்தாளே, அப்புறமென்ன?” போன்ற சாக்குகளை எத்தனை பேர் நம்புகிறார்கள் என்பது அதில்தான் தெரியும். கணக்கிடும்போது கவனம்: அதில் 1 என்றால் முழு உடன்பாடு, 5 என்றால் முழு மறுப்பு. கூடுதல் மதிப்பெண் இல்லினாய் தாளில் நல்லது, மிகை ஆண்மைத் தாளில் கெட்டது. இரண்டையும் ஒரே திசைக்குத் திருப்பாமல் ஒப்பிட்டால் முடிவு தலைகீழாகும்.

திருமண உறவில் நடக்கும் வன்புணர்வு பற்றி இரண்டு தாள்களுமே போதுமான அளவு கேட்பதில்லை. கணவனுக்கு இருந்த சட்டவிலக்கு சிங்கப்பூரில் 2020 ஜனவரி 1 முதல் கிடையாது. அதைத் தனியாகப் பேச அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.