கொலுசுக் கடையின் டக்டில் நைட்ரைல் ரப்பர்: ஒரு பயன்பாட்டு அனுபவம்

ஏற்காட்டில் விடுதி கட்டிவரும் நண்பர் ஒருவர், அறைகளுக்குக் காற்றைக் கொண்டுசெல்லும் தகரக் குழாயான டக்டுக்கு, குளிரோ சூடோ கசியாமலிருக்க, கிளாஸ் வூல் என்ற கண்ணாடி இழைப் பஞ்சைச் சுற்றுவதா, நைட்ரைல் என்ற நுரை ரப்பர் ஷீட்டை ஒட்டுவதா என்று கேட்டிருந்தார். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் உள்ள எங்கள் வெள்ளிக் கொலுசுக் கடையில் முதலில் இருந்தது கிளாஸ் வூல். சில ஆண்டுகளாக இருப்பது 19 மி.மீ. நைட்ரைல். விலையும் கனமும் ஒப்பந்ததாரர் தரும் பட்டியலிலேயே இருக்கும் என்பதால், அதில் இல்லாதவற்றை மட்டும் எழுதுகிறேன்.

எது அதிகமாகக் குளிரைக் காக்கும் என்ற கேள்வியால் பெரிய பயன் இல்லை. உலர்ந்த நிலையில் இரண்டின் வெப்பக் கடத்துதிறனும் மீட்டர்-கெல்வினுக்கு 0.035 வாட்டை ஒட்டியே இருக்கிறது. வேறுபாடு ஈரத்தில்தான் தெரியும். ஐப்பசி அடைமழையில் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே 28 டிகிரி வெப்பமும் 75 சதவீத ஈரப்பதமும் இருந்தால், 23 டிகிரிக்குக் கீழே உள்ள எந்தப் பரப்பிலும் நீர் கோக்கும்; டக்டுக்குள் ஓடும் காற்றோ 14 டிகிரிதான். கிளாஸ் வூலை இதிலிருந்து காப்பது மேலே ஒட்டிய மெல்லிய அலுமினியத் தாள் ஒன்றே. எங்கள் கடையில் ஒயர் இழுக்க மேலே ஏறியவரின் கை பட்டு அந்தத் தாள் ஓரிடத்தில் கிழிந்தது; அவ்வழியே புகுந்த ஈரத்தைக் குடித்த பஞ்சு, அடுத்த மழைக்காலத்துக்குள் நனைந்த மெத்தையாகத் தொங்கியது. அசையாத காற்றைவிட நீர் இருபது மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும் என்பதால், அதன் பிறகு அது பெயருக்குத்தான் இன்சுலேஷன்.

நைட்ரைலில் இந்தத் தொல்லை இல்லை. அதன் நுண்ணறைகள் ஒவ்வொன்றும் மூடியவை என்பதால், மேலே கீறல் விழுந்தாலும் ஈரம் அந்த இடத்தைத் தாண்டிப் பரவுவதில்லை. இருந்தும் அதைக் கடைக்குள் விட வீட்டுப் பெரியவர்கள் தயங்கினார்கள். கொலுசை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டக் கூடாது என்பது எங்கள் தொழிலில் சிறு பிள்ளைக்கும் தெரியும். ரப்பரில் உள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைத்துவிடும். ஆனால் இந்த ஷீட் தகரத்துக்கு வெளிப்புறம்தான் ஒட்டப்படுகிறது, சரக்கின் மீது வீசும் காற்று அதைத் தொட்டு வருவதில்லை. இத்தனை காலத்தில் ஷோகேஸில் உள்ள கொலுசுகள் முன்பைவிடக் கூடுதலாகக் கறுத்ததாக நாங்கள் காணவில்லை.

இவ்வளவு புகழ்ந்த பிறகும் எனக்கு அதன்மேல் தீராத எரிச்சல் ஒன்று உண்டு. டக்டைத் தாங்கும் இரும்பு ஆங்கிளின் மேல் இந்த மென்மையான ஷீட், டக்டின் எடை முழுவதையும் வாங்கிக்கொண்டு, நாளடைவில் அட்டை அளவுக்கு நசுங்கிவிடுகிறது; நசுங்கிய இடத்தில் குளிர் நேராக இரும்புக்கு இறங்க, அங்கே கோத்த நீர் சொட்டுச் சொட்டாகக் கொலுசு கவுண்ட்டரின் கண்ணாடி மேலேயே விழுகிறது. வாடிக்கையாளர் முதலில் கண்ணாடியையும், பிறகு கூரையையும், கடைசியாக என்னையும் பார்ப்பார். டக்டுக்கும் ஆங்கிளுக்கும் இடையே ஷீட்டின் தடிமனுக்குச் சமமான மரக்கட்டையை வைத்திருந்தால் இது நேர்ந்திருக்காது. வேலை எடுத்தவர் அதை வைக்கவில்லை, கேட்டபோது எல்லா இடத்திலும் இப்படித்தான் என்றார். போன மாதம் சீலிங்கைப் பிரித்துக் கட்டை வைக்க ஆன கூலி, நைட்ரைலால் மிச்சமான மின் கட்டணத்தை நினைத்துப் பார்க்கக்கூட விடவில்லை.

நண்பரின் தேவை வேறு. மார்கழிக் குளிரில் அறைகளுக்குச் சூடான காற்றை மட்டுமே கொண்டுசெல்லும் டக்டின் வெளிப்புறம் சுற்றியுள்ள காற்றைவிடச் சூடாகவே இருக்கும். அதன்மேல் நீர் கோக்காது. அதற்கு 50 மி.மீ. கிளாஸ் வூல் போதும். பஞ்சு தீப்பிடிக்காது என்பதும், நைட்ரைல் எரிய நேர்ந்தால் புகையும் என்பதும் ஆட்கள் உறங்கும் விடுதியில் சிறிய விஷயமல்ல. ஆனால் வெளியிலிருந்து பனிமூட்டக் காற்றை உள்ளே இழுக்கும் டக்ட், சூடாக்கிய அறைகளின் சீலிங் வழியே போவதால், அதற்கு மட்டும் நைட்ரைல் ஒட்டச் சொன்னேன். கோடையில் அதே டக்டுகளில் குளிர்காற்றும் விடுவதாக இருந்தால் கணக்கு மாறும், எல்லாவற்றுக்கும் நைட்ரைல்தான்.

மதிப்பெண் கேட்டால், எங்கள் நைட்ரைலுக்கு ஐந்துக்கு இரண்டுக்கு மேல் கொடுக்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை. மேல்தளம் கட்டும்போதும் அதையேதான் ஒட்டுவேன். கட்டைகளை மட்டும் நானே வாங்கி, முன்நின்று வைக்கச் சொல்வேன்.