பரந்தன் லேத் பட்டறை: வெட்டு மெசின் வைத்திருப்பவர்களுக்கு

விசுவமடுவில் நெல் வெட்டும் மெசின் ஒன்று வைத்திருக்கிறேன். ரயருக்குப் பதில் ரப்பர் பெல்ட்டில் ஓடுவது, லீசிங்கில் எடுத்தது. ஓட்டுவது என் பெறாமகன். கணக்கும் கொப்பியும் என்னுடையது. எத்தனை மணித்தியாலம் ஓடியது, எந்தப் பேரிங் எப்போது மாற்றியது எல்லாம் அந்தக் கொப்பியில் இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

போன வருடக் காலபோகத்துக்கு மன்னார் முருங்கன் பக்கம் வெட்டப் போனோம். அங்கே கறுப்புக் களி. ஒருகாலம் காங்கேசன்துறை சீமெந்து ஆலைக்கு ஏற்றிப் போன களி அது, ஈரத்தில் பசை மாதிரிப் பிடிக்கும். மூன்றாம் நாள், பெல்ட்டை இறுக்கி வைக்கும் பின் சில்லு இடது பக்கத்தில் ஆடத் தொடங்கியது. கழற்றினால், பேரிங்குக்குள் சேறு போகாமல் அடைக்கும் சீல் கிழிந்து, கிரீஸ் இருக்கவேண்டிய இடத்தில் சேறு. அவசரத்துக்கு வழியில் இருந்த ஒரு பட்டறையில் கொடுத்தோம். அச்சைச் சம்மட்டியால் அடித்துக் கழற்றினார்கள், புதுப் பேரிங்கையும் அடித்தே ஏற்றினார்கள். அது பதினொரு மணித்தியாலம் தாங்கியது. ஏக்கருக்கு 15,000 ரூபா பேசி வைத்திருந்த வயல்கள் வேறு மெசினுக்குப் போய்விட்டன. அந்த மாதத் தவணைக்கு என் சங்கிலி அடகுக்குப் போனது.

அதற்குப் பிறகுதான் இந்தப் பரந்தன் பட்டறைக்குப் போனேன். சந்தியில் இருந்து முல்லைத்தீவு வீதியில் கொஞ்சத் தூரம், தகரக் கொட்டகை, பெயர்ப் பலகை கிடையாது. பாஸ் அறுபதை நெருங்கியவர். புதுச் சாமான் எல்லாம் வாங்கிக்கொண்டு போயிருந்தேன். அதை அவர் தொடவே இல்லை.

"பழசு எங்கே தங்கச்சி?"

நல்ல காலம், சாக்கில் கட்டி வைத்திருந்தோம். மண்ணெண்ணெயில் கழுவ முன்னமே அச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சீலுக்கு வெளியே, அச்சைச் சுற்றி வைக்கோல் கயிறு போல இறுகிக் கிடந்தது. "இதுதான் முதலில் சீலின் உதட்டைத் தின்றது. சேறு பிறகு வந்தது. சீலை மட்டும் மாற்றினால் அடுத்த போகமும் இதுதான் நடக்கும்" என்றார். அதுவரை எல்லாரும் களியைத்தான் குற்றம் சொன்னார்கள்.

அவர் செய்து தந்தது இரண்டு இரும்பு வளையம். ஒன்று சில்லோடு சுற்றும், மற்றது தாங்கியில் அசையாமல் நிற்கும். ஒன்றில் வட்டமாக ஒரு பள்ளம், மற்றதில் அந்தப் பள்ளத்துக்குள் தொடாமல் நுழையும் ஒரு விளிம்பு. இடைவெளி முழுக்கக் கிரீஸ். வெளியில் இருந்து சேறு வரவேண்டுமென்றால் வளைந்து வளைந்து கிரீஸைத் தள்ளிக்கொண்டு வரவேண்டும். வைக்கோல் சுற்றுவதற்கு அச்சே வெளியில் தெரியாது. கிரீஸ் அடிக்கும் வாயான நிப்பிள் வழியாகக் கிரீஸ் அடித்தால் பழையது அழுக்கோடு வெளியே பிதுங்கும். இப்படி வளைந்த பாதையால் அடைப்பது தொழிலில் பழைய முறைதான், எங்கள் சில்லுக்கு அளவெடுத்துப் பொருத்தியது மட்டும்தான் தன் வேலை என்றார். முதல் தரம் இடைவெளி போதாமல் வளையங்கள் உரசிச் சூடேறின. திரும்பக் கொண்டுபோனோம். டயல் கேஜ் வைத்துச் சில்லின் பக்க ஆட்டத்தை அளந்து, விளிம்பைக் கொஞ்சம் சீவித் தந்தார். காசு வாங்கவில்லை.

அடுத்து, அச்சைத் தள்ளிக் கழற்ற அவர் தானே செய்து வைத்திருக்கும் புல்லர். பழைய லொறி அச்சில் சதுரப் புரி வெட்டி, திருகாணியின் நுனிக்கும் சில்லின் அச்சுக்கும் நடுவே லொறிக் கிங்பின்னின் (முன் சில்லு திரும்பும் அச்சின்) பேரிங் ஒன்றை வைத்திருக்கிறார். அதனால் திருகும்போது நுனி அச்சை அரைக்காது, நேராகத் தள்ளும். சம்மட்டி தேவைப்படவில்லை. ஏற்றும்போது, அச்சில் இறுகும் உள் வளையத்தை மட்டும் தள்ளும் கிண்ணம் ஒன்று போடுகிறார். வெளி வளையத்தை அடித்தால் அந்த அடி குண்டுகள் வழியாகத்தான் போகும், குண்டு ஓடும் தடத்தில் குழி விழும். என் பதினொரு மணித்தியாலப் பேரிங்கில் அந்தக் குழிகளை விரல் நகத்தால் தடவிக் காட்டினார். எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது.

தேய்ந்த அச்சை வெல்டிங்கால் நிரப்பித்தான் கடைந்தார். முதலில் சூடாக்கி, ஒட்டி முடிந்ததும் உமிச் சாம்பலுக்குள் புதைத்து ஒரு இரவு விட்டார். சட்டென்று ஆறினால் வெடிக்குமாம். லேத்தில் இரும்பைச் சீவும் டூலைப் பிடிக்கும் கட்டையும் அவர் கையால் செய்தது. மற்ற இடங்களில் டூலை மைய உயரத்துக்குக் கொண்டுவர உடைந்த வாளலகுத் துண்டுகளை அடியில் வைத்து வைத்துப் பார்ப்பதைக் கண்டிருக்கிறேன். இவரிடம் ஐந்து டூலும் ஐந்து பிடியில் உயரம் சரிசெய்தபடி நிற்கின்றன. சறுக்கி இறக்கி, கைபிடியைத் திருப்பினால் வேலை தொடங்கலாம்.

சாம்பல் ஆறும்வரை பேசிக்கொண்டிருந்தோம். பெல்ட்டில் 500×90×51 என்று இருந்தால் அகலம் 500 மில்லிமீற்றர், கண்ணிக்குக் கண்ணி 90 மில்லிமீற்றர், மொத்தம் 51 கண்ணி என்று வாசிக்கப் பழக்கினார். வெண்கட்டியால் நிலத்தில் கணக்கும் போட்டோம். என் மெசின் 3 தொன்னுக்குக் கிட்ட. நிலத்தில் படிவது இரண்டு பெல்ட்டும், ஒவ்வொன்றும் 50 சென்ரிமீற்றர் அகலம், 160 நீளம். ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு 200 கிராம்கூட வரவில்லை, அதனால்தான் சேற்றில் லேசில் புதைவதில்லை. கலிபோர்னியாவில் பண்ணை மெசின் செய்த பெஞ்சமின் ஹோல்ட் என்பவர் 1904 நவம்பரில் தன் நீராவி உழவு மெசினின் சில்லுகளைக் கழற்றி, மரப்பலகை பூட்டிய சங்கிலியில் ஓட்டிப் பார்த்ததும், ஆற்றுமுகச் சேற்று நிலத்தில் சில்லு புதைந்ததால்தானாம். தை மழையில் ஆட்டக்காரி நெல் சாய்ந்து கிடக்கும்போது ரயர் மெசின் புதைவதைக் கண்ட எனக்கு அந்த மனுசனின் கவலை நன்றாக விளங்கியது.

இந்தக் காலபோகம் 212 மணித்தியாலம் ஓடினோம். முடிந்ததும் வளையத்தைக் கழற்றிப் பார்த்தேன். வெளிப் பள்ளத்தில் கிரீஸ் மண்ணிறம், உள்ளே சீலுக்குப் பக்கத்தில் மஞ்சளாகவே இருந்தது. பேரிங் சத்தமில்லை. ஒரு பக்கத்துக்கு, சாமான் தவிர, 18,500 ரூபா எடுத்தார். நான் இழந்த வயல்களோடு பார்த்தால் அது பெரிய காசில்லை.

குறைகளும் உண்டு. தொலைபேசி எடுக்கமாட்டார். சொன்ன நாளுக்கு இரண்டு நாள் பிந்தித்தான் தருவார். கரண்ட் நின்றால் வேலையும் நின்றுவிடும். பற்றுச்சீட்டு கேட்டுத்தான் வாங்கவேண்டும். கிழிந்த ரப்பர் பெல்ட்டை எடுக்கவே மாட்டார், உள்ளே கம்பி அறுந்தால் ஒட்டி ஏமாற்றக்கூடாது என்பார். அவசரம் என்று நின்றால் வேறு இடம் பார்க்கச் சொல்லுவார், அது அருவி வெட்டு (நெல் அறுவடை) நேரத்தில் கொஞ்சம் கடினம்தான்.

ஆகவே தை வரை காத்திருக்காமல் ஐப்பசியிலேயே கொண்டுபோய்க் கொடுங்கள். கழற்றிய பழைய சாமானையும் கழுவாமல், வைக்கோலோடு அப்படியே சாக்கில் கட்டிக்கொண்டு போங்கள். அதைத்தான் முதலில் கேட்பார்.