சிபிட் பயிற்சி: டூரெட் உள்ளவர்களுக்கு எந்த வயதில் சரிப்படும்?

டூரெட் என்பது கண் சிமிட்டல், கழுத்து வெட்டல், செருமல் போன்ற அசைவும் ஒலியும் தன்னையறியாமல் திரும்பத் திரும்ப வரும் நரம்பியல் கோளாறு. அந்த அசைவு, ஒலிகள்தான் டிக்ஸ். அவற்றைக் கட்டுப்படுத்தப் பழக்கும் நடத்தைப் பயிற்சி சிபிட் (CBIT). டிக்ஸுக்கு மாத்திரையைத் தொடுவதற்கு முன் சிபிட்டைப் பாருங்கள் என்பதுதான் 2019-ல் அமெரிக்க நரம்பியல் அகாடமி தந்த வழிகாட்டுதல். பாராட்டு நியாயமானதே, ஆனால் எல்லா வயதுக்கும் ஒரே அளவில் அல்ல.

வழக்கமான அமைப்பு 10 வாரத்தில் 8 அமர்வு. முதல் இரண்டும் ஒன்றரை மணி நேரம், மற்றவை ஒரு மணி நேரம். அதிகம் தொல்லை தரும் டிக்கை முதலில் எடுப்பார்கள். தும்மலுக்கு முன் மூக்கில் வரும் குறுகுறுப்பு போல டிக்குக்கு முன்பும் ஒன்று வரும். அதைக் கண்டுபிடிப்பதுதான் பாதி வேலை. அது வந்ததும் எதிர் அசைவு: கழுத்து வெட்டி இழுத்தால் தாடையைச் சற்று உள்ளே இழுத்து, கழுத்துத் தசையை இறுக்கி நேராகப் பார்க்க வேண்டும். தொண்டைச் செருமலுக்கு, வாயை மூடி மூக்கால் மெதுவான மூச்சு. ஒரு நிமிடமோ, குறுகுறுப்பு அடங்கும் வரையோ பிடிக்க வேண்டும். பலர் டிக் வந்து முடிந்த பிறகுதான் தொடங்குகிறார்கள். அதில் பயன் குறைவு. எதிர் அசைவு டிக்கை விடக் கண்ணில் படுவதாக இருந்தால் பிள்ளை பள்ளியில் செய்யவே செய்யாது.

டிக்ஸ் பெரும்பாலும் 4 முதல் 6 வயதில் தலைகாட்டி, 10–12-ல் உச்சத்துக்குப் போய், பதின்வயதில் தணியும். ஐந்தாறு வயதுப் பிள்ளைகள் பலருக்குக் குறுகுறுப்பே பிடிபடாது. அவர்களுக்கு எதிர் அசைவுக்காக முழுக் கட்டணம் கட்டுவது வீண். டிக்கைத் தூண்டும் சூழலை மாற்றுவது, "ஆட்டாதே" என்று அதட்டுவதை வீட்டில் நிறுத்துவது, சிபிட்டின் இந்தப் பகுதி மட்டும் போதும். 9–17 வயதினர் 126 பேரை வைத்து 2010-ல் வந்த ஆய்வில் நல்ல முன்னேற்றம் கண்டவர்கள் 52.5%, ஆதரவுப் பேச்சு மட்டும் பெற்றவர்களில் 18.5%. பதினாறும் அதற்கு மேலும் வயதான 122 பேரை வைத்து 2012-ல் வந்த ஆய்வில் முன்னேறியவர்கள் 38%, ஆதரவுப் பேச்சு மட்டும் பெற்றவர்களில் 6%. பெரியவர்களுக்குக் குறைவுதான், ஆனாலும் தள்ளிவிட முடியாது.

குறை ஒன்று உண்டு. டிக்ஸ் தானாகவே ஏறி இறங்கும். உச்சத்தில் இருக்கும்போதுதான் யாரும் பயிற்சிக்குப் போகிறார்கள். அடுத்த மாதம் இறங்கினால் பெயர் பயிற்சிக்குப் போகிறது. 12 வயதுக்கு மேல் இந்த மயக்கம் இன்னும் அதிகம். ஆகவே சேரும் முன்பே டிக்ஸின் கடுமையை அளக்கும் யேல் அளவுகோலில் டிக் மதிப்பெண் (0–50, கூடினால் கடுமை அதிகம்) எடுத்து எழுதித் தருவார்களா, முடிந்து சில மாதம் கழித்தும் எடுப்பார்களா என்று கேளுங்கள். கவனக்குறைவுக் கோளாறோ (ADHD), ஒரே எண்ணமும் செயலும் விடாமல் துரத்தும் ஓசிடியோ (OCD) கூட இருந்தால் அதற்குச் சிபிட் மருந்தல்ல. டிக்ஸ் தணிந்த வயதிலும் படிப்பைக் கெடுப்பது பெரும்பாலும் அவைதான். அதற்குத் தனிச் சிகிச்சை பார்க்க வேண்டும்.