போய்க்காவின் முழங்கால்: 'அன்டிஸ்பியூட்டட்' இரண்டா, மூன்றா?

'அன்டிஸ்பியூட்டட்' (Undisputed) என்ற ஆங்கில சண்டைப் பட வரிசையில், 2002-ல் தியேட்டருக்கு வந்த முதல் படம் குத்துச்சண்டைக் கதை. 2006-ல் இயக்குநர் ஐசக் ஃப்ளோரன்டைன் கைக்கு வந்த இரண்டாம் பாகம் குறைந்த பட்ஜெட்டில் எடுத்து நேரடியாக டிவிடியில் விட்ட படம். சிறை, சண்டை வளையம், இரண்டு முரடர்கள், அவ்வளவுதான் கதை. ஹீரோ மைக்கேல் ஜெய் வைட். ஆனால் பார்த்தவர்கள் மனதில் நின்றது வில்லன் போய்க்காவாக வந்த ஸ்காட் அட்கின்ஸ். அந்தரத்தில் சுழன்று அவர் விடும் உதையை முழு உடம்பும் தெரியும்படி கேமரா தள்ளி நின்று காட்டும். வெட்டி ஒட்டி ஏமாற்றும் வேலை குறைவு.

ரசிகர்களின் அந்த மோகம்தான் 2010-ல் வந்த மூன்றாம் பாகத்தில் வில்லனையே ஹீரோவாக்கியது. முந்தைய படத்தில் உடைந்த முழங்காலோடு, சிறையில் துப்புரவு வேலை பார்க்கும் ஆளாக வருகிறார் போய்க்கா. ஒவ்வொரு உதைக்கும் 'கால் தாங்குமா?' என்று நமக்குப் பதறுகிறது. இரண்டாம் பாகத்தில் இந்தப் பதற்றமே இல்லை. எதிரிகளிலும் வகை கூடியிருக்கிறது: லத்தீஃப் க்ரவுடரின் கபோய்ரா (நடனம் கலந்த பிரேசில் சண்டைக் கலை), மார்கோ சரோரின் அலட்டல் இல்லாத கொடூரம். வசனம் இரண்டிலுமே சுமார்தான், யாரும் அதற்காகப் பார்ப்பதில்லை.

மூன்றாவதுதான் சிறந்தது என்று சொல்லும் ரசிகர்கள் நிறைய. என் ஓட்டும் அதற்கே. ஆனால் இறுதிச் சண்டையை மட்டும் திரும்பப் போட்டுப் பார்க்க எனக்கு இரண்டாம் பாகம்தான்.